வெயில் வேலையில் தசைப்பிடிப்பு வராமல் காத்துக்கொள்வது எப்படி

வெயிலில் நாள் முழுவதும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்குத் தசைப்பிடிப்பு பல நேரங்களில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வருவதில்லை. வேலை முடிந்து, குளித்துவிட்டுப் படுத்த பிறகுதான் வருகிறது. ஒரு கோடையில் நான் மூன்று நாட்கள் தொடர்ந்து தகரக் கூரையின் மீது வேலை செய்தேன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்ததால் குடம் குடமாகக் குடித்தேன். வியர்வையில் வாய் உப்புக் கரித்ததாலோ என்னவோ, உணவை மட்டும் அந்த மூன்று நாளும் பாதியிலேயே ஒதுக்கிவைத்தேன். மூன்றாம் நாள் இரவு புரண்டு படுத்தபோது வலது கெண்டைக்கால் தசை திடீரெனக் கல்லாக இறுகிற்று. தோலுக்கு அடியில் முடிச்சு ஒன்று எழும்பி அசைவது கண்ணுக்கே தெரிந்தது. காலைத் தரையில் ஊன்றவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையின் முதுகுப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வரிகள் படிந்திருந்ததைப் பார்த்தேன். அந்த வரிகள் உப்பு. நான் திரும்பத் திரும்பத் தண்ணீரை மட்டும் ஈடுகட்டிவிட்டு உப்பை மறந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான். வெப்பத்தில் வரும் தசைப்பிடிப்பைத் தண்ணீர் மட்டும் தடுத்துவிடாது. தண்ணீரைக் கடிகாரத்தைப் பார்த்தும், உப்பை உணவின் வழியாகவும், வெயிலைச் சிறுகச் சிறுகப் பழகியும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை இரட்டிப்பாகச் செய்வதால் பயனில்லை. சில நேரங்களில் அது ஆபத்தாகவும் முடியும்.

உடலில் என்ன நடக்கிறது

உழைக்கும் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் நம்பியிருக்கும் முதன்மையான வழி வியர்வை. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, அது தோலின் மீது ஆவியாவதால்தான் குளிர்கிறது. அதனால்தான் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில், வெப்பமானி அவ்வளவு உயர்வாகக் காட்டாவிட்டாலும், உடம்பு தெப்பமாக நனைந்தும் புழுக்கம் தணிவதில்லை. சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலுக்கு நட்டம் மட்டுமே.

வெயிலில் கடினமாக உழைக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்ப்பது வழக்கம். சிலருக்கு இரண்டு லிட்டரையும் தொடும். ஒவ்வொரு லிட்டர் வியர்வையோடும் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு, வெளியேறுகிறது. இந்த அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். சட்டையிலும் தொப்பியின் விளிம்பிலும் வெள்ளைக் கறை படிகிறவர்கள், வியர்வை கண்ணில் பட்டால் கடுமையாக எரிகிறது என்பவர்கள், உப்பை அதிகம் இழக்கும் உடல்வாகு கொண்டவர்களாக இருக்கக்கூடும். நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் வியர்த்தால் சுமார் பத்து கிராம் உப்பு போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குரிய உப்புக் கணக்கு வெயிலில் உழைப்பவருக்கு ஏன் பொருந்தாமல் போகிறது என்பது விளங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆழமான, வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்த நெவில் மாஸ் என்பவர் 1923-லேயே இதை எழுதிவைத்தார். ஏராளமாக வியர்த்து, வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடித்தவர்களுக்குத்தான் தசைப்பிடிப்பு வந்தது. குடிநீரில் சிறிது உப்புக் கலந்து கொடுத்தபோது அது குறைந்தது. அமெரிக்காவின் ஹூவர் அணை பாலைவனக் கோடையில் கட்டப்பட்டபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோர்வு ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1932-இல் அங்கே சென்று தொழிலாளர்களைச் சோதித்தார்கள். தசைப்பிடிப்பால் துடித்தவர்களின் உடலில் உப்பு வற்றியிருந்ததும், உப்புக் கொடுத்ததும் அவர்கள் தேறியதும் அந்தக் கால ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

இருந்தாலும் உப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. களைத்துப்போன தசைக்கும் அதை இயக்கும் நரம்புக்கும் இடையே உள்ள கட்டுப்பாடு குலைவதாலும் பிடிப்பு வருகிறது என்று 1990-களிலிருந்து ஆய்வாளர்கள் வலுவாக எடுத்துரைத்து வருகிறார்கள். தசையை நீட்டிப் பிடித்தவுடன் வலி விடுபடுவது, தசை நாண்களில் உள்ள உணர்விகள் நரம்பைத் தளரச் சொல்வதால்தான். அந்த ஒரு நிமிடத்தில் உப்பு எதுவும் உடலில் கூடிவிடவில்லை. வேலைத்தளத்தில் இரண்டு காரணங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன என்பது என் கருத்து: உப்பும் நீரும் குறைந்த உடலில், களைத்த தசை முதலில் பிடித்துக்கொள்கிறது. எனவே நீர், உப்பு, ஓய்வு ஆகிய மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எவ்வளவு வியர்க்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள்

பொதுவான அளவுகளை நம்புவதற்கு முன்னால் உங்கள் உடலின் கணக்கை ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். வேலைக்குப் புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையில் எடை பாருங்கள். வேலையின்போது எத்தனை லிட்டர் குடித்தீர்கள் என்பதைப் பாட்டில் கணக்கில் குறித்துவையுங்கள். முடிந்ததும் உடலைத் துடைத்துவிட்டு, அதே உடையில் மறுபடியும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். அதனோடு குடித்த அளவைக் கூட்டி, வேலை செய்த மணிகளால் வகுத்தால், உங்களுக்கு மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பது கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, காலையில் 70 கிலோ இருந்தவர் நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் குடித்தும் 69 கிலோவாகக் குறைந்திருந்தால், அவர் இழந்தது மூன்று லிட்டர், மணிக்கு முக்கால் லிட்டர். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் கணக்கு சற்று மாறும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு 1.4 கிலோவுக்கு மேல், குறைந்திருந்தால் உடலின் திறனும் கவனமும் மங்கத் தொடங்கியிருக்கும். ஏணியிலும் இயந்திரத்தின் அருகிலும் நிற்பவருக்கு அந்தக் கவனக் குறைவே தசைப்பிடிப்பைவிடப் பெரிய ஆபத்து. மாறாக, எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இந்த இரண்டாவது செய்தியைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

குடிக்கும் முறை

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருப்பது வெயில் வேலைக்கு ஒத்துவராது. வேலை மும்முரத்தில் தாகத்தைக் கவனிக்க மாட்டோம். கவனிக்கும்போது உடல் ஏற்கெனவே கணிசமாக நீரை இழந்திருக்கும். வேலைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அரை லிட்டர் குடித்துவிடுங்கள். தேவைக்கு மிஞ்சியது வேலை தொடங்கும் முன்பே சிறுநீராக வெளியேற அந்த இடைவெளி போதும். வேலை தொடங்கியதும் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி லிட்டர் குடியுங்கள். இது மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொள்வதைவிட இது மேலானது. வயிறு உப்பிக்கொண்டு குனிந்து நிமிர முடியாமல் போவதும் இராது.

மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பதை இதே அளவு அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வெறும் தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து, செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குகின்றன. மண்டை ஓட்டுக்குள் விரிவதற்கு இடமில்லாத மூளையை இது உயிருக்கே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். வெப்பச் சோர்வு போலவே தோன்றுவதால், பக்கத்தில் இருப்பவர்கள் மேலும் தண்ணீரைப் புகட்டிவிடுகிறார்கள். நிறையக் குடித்த பிறகு ஒருவர் இப்படிச் சொன்னால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தண்ணீரைக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். அற்பமாகத் தோன்றினாலும், இதில்தான் பல திட்டங்கள் தோற்றுப்போகின்றன. நூறு அடி நடந்து, கூரையிலிருந்து இறங்கி, மறுபடி ஏற வேண்டும் என்றால் யாரும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை குடிக்கப் போவதில்லை. வெயிலில் கொதித்த தண்ணீரையும் யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருந்தால் மக்கள் தாமாகவே கூடுதலாகக் குடிப்பார்கள். பெண்களும், கழிப்பறை வசதியில்லாத இடங்களில் வேலை செய்யும் எவரும், சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமே என்று குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் தண்ணீருக்கு ஏற்பாடு செய்பவர் கழிப்பறைக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும். இது சலுகை அன்று, பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி.

போதுமான அளவு குடிக்கிறோமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும். வெளிர் மஞ்சள் நல்லது. அடர்ந்த மஞ்சளாகி, அளவும் குறைந்திருந்தால் நீர் போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் எப்படியும் பளிச்சென்ற மஞ்சளாகத்தான் இருக்கும். அவர்கள் எடையை நம்புவது மேல். முந்தின இரவு மது அருந்தியவர் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர் (ஹார்மோன்) குன்றி, காலையிலேயே நீர் குறைந்த உடலோடுதான் வேலைக்கு வருகிறார். அளவான காப்பி, தேநீர் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

உப்பை எப்படி ஈடுகட்டுவது

இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட வேலைக்கு, வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தண்ணீரே போதும். உப்பின் பெரும்பகுதி உணவின் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில் பசிக்கவில்லை என்று வேளை தவறவிடுவது பெரிய பிழை. என் கால் பிடித்துக்கொண்டதற்கு நான் இன்றும் காரணமாகக் கருதுவது அந்த ஒதுக்கிவைத்த பாதிச் சாப்பாட்டைத்தான்.

பல மணி நேரம் தொடர்ந்து வியர்க்கும் வேலையாக இருந்தால், குடிக்கும் நீரிலும் சிறிது உப்பும் சர்க்கரையும் சேர்ப்பது பயன் தரும். ஒரு லிட்டர் தூய நீரில் கால் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்தால் வேலையின்போது பருகத்தக்க கரைசல் கிடைக்கும். கண்ணீர் அளவு கரிப்புகூட இருக்கக் கூடாது. கரித்தால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள், அதைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயில் வழியாக, ஒன்றையொன்று கைப்பிடித்தாற்போல உள்ளே செல்கின்றன. அவற்றின் பின்னால் நீரும் செல்கிறது. ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கிய இந்த இணைக் கடத்தலே வாய்வழி நீரேற்றுக் கரைசல் வேலை செய்வதற்கும் அடிப்படை. அதற்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டாலோ, இனிப்பு மிகுந்த குளிர்பானங்களைக் குடித்தாலோ, நீர் உறிஞ்சப்படுவது தாமதமாகும்.

பொட்டலங்களில் கிடைக்கும் நீரேற்று உப்பு வயிற்றுப்போக்குக்காக வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு அளவின்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் அதில் உண்டு. பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் சேர்ந்திருக்கும். மிக அதிகமாக வியர்த்த நாளிலும், பிடிப்பு வந்த பிறகும் அது கைகொடுக்கும். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி நீரில் கெட்டியாகக் கலக்கினால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் தவறு. உப்பு மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். அவை வயிற்றைப் புண்ணாக்கும், குமட்ட வைக்கும்.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் இந்தப் பகுதியைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில இரத்த அழுத்த மருந்துகள், ஒவ்வாமை மருந்துகள், மனநல மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் உடலின் திறனைக் குறைக்கின்றன. கோடை தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, இன்ன வேலை, இத்தனை மணி நேரம் வெயிலில் என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உடலைப் பழக்குதல்

வெயிலில் புதிதாக இறங்குகிறவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். உடல் வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், கூடுதலாக வியர்க்கும், ஆனால் அந்த வியர்வையில் உப்பைக் குறைத்துக்கொள்ளும். இதைவிட நல்ல தசைப்பிடிப்புத் தடுப்பு வேறில்லை; காசு கொடுத்து வாங்கவும் முடியாது. ஆகவே புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டிச் செல்ல வேண்டும். முன்பே இந்த வேலையில் பழகி, சில வாரங்கள் விடுப்பில் இருந்து திரும்பியவர் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் அறுபது, மூன்றாம் நாள் எண்பது விழுக்காடு என்று ஏறி, நான்காம் நாள் முழு வேலைக்கு வரலாம். பழக்கம் ஒரு வார இடைவெளியிலேயே தேயத் தொடங்கும் என்பதால், காய்ச்சலில் படுத்து எழுந்தவரை "பழைய ஆள்தானே" என்று நேராக உச்சி வெயிலில் நிறுத்துவது கொடுமை.

கனமான வேலையைக் காலையிலும், இலகுவானதை நடுப்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தசையை மணிக்கணக்கில் வருத்தாமல் வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு நீர் இடைவேளையிலும் நிழலில் நின்று, கெண்டைக்கால், தொடை, தோள் ஆகியவற்றை இருபது முப்பது வினாடிகள் மெதுவாக நீட்டிக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கைகளில் சொல்லப்படும் வெப்பக் குறியீடு, அதாவது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடலுக்கு எவ்வளவு சூடாகப் படும் என்பதைக் காட்டும் எண், நிழலுக்குரியது. நேர் வெயிலில் அது சுமார் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக உணரப்படலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிடித்துக்கொண்டால்

வேலையை அப்போதே நிறுத்திவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். பிடித்த தசையைக் குத்தியோ உதறியோ இம்சிக்காமல், எதிர்ப்புறமாக மெல்ல நீட்டி, இறுக்கம் விடும்வரை அப்படியே பிடித்திருங்கள். கெண்டைக்கால் என்றால் முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியை முழந்தாளை நோக்கி இழுக்க வேண்டும். பின்தொடை என்றால் உட்கார்ந்து காலை நீட்டி முன்னால் சாய வேண்டும். விட்ட பிறகு இலேசாகத் தேய்த்துவிடலாம். உப்பு சர்க்கரைக் கரைசலையோ, தண்ணீரோடு உப்புச் சேர்ந்த சிறிது உணவையோ 15 முதல் 20 நிமிட இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். வலி நின்றுவிட்டது என்று உடனே சுமையைத் தூக்கப் போகாதீர்கள். சில மணி நேரத்துக்குக் கடின வேலை வேண்டாம், அன்றைக்கே விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்காவிட்டாலும், இதய நோய் உள்ளவராக இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தசைகள் தாங்க முடியாமல் வலித்து, வலுவிழந்து, சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இறங்கினால் அது சாதாரணப் பிடிப்பு அன்று. தசை இழைகள் சிதைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம், அன்றே மருத்துவமனை. பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. அவசர ஊர்திக்கு அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரைத் தனியே விட்டுவிட்டு யாரும் நகரவும் கூடாது.

வேலை முடிந்த மாலையிலும் ஈடுகட்டுவது தொடர வேண்டும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, இரவு உணவோடு சேர்த்துச் சில மணி நேரம் பரவலாகக் குடியுங்கள். படுக்கும் முன் கெண்டைக்கால்களை ஒருமுறை நீட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், நேற்றைய கணக்கு இன்னும் தீரவில்லை; அன்றைய வேலையை இலகுவாக்கிக்கொண்டு, குடித்தும் உண்டும் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.